தண்ணீர் ஊற்றாத பையன்

என் பேத்திக்கு ஐந்து வயது. யாராவது மிட்டாயை நீட்டினால், அது கைக்கு வருவதற்கு முன்பே "தாங்க்ஸ்" என்று சொல்லிவிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பரம சந்தோஷம். எனக்கென்னவோ, வீட்டுக் கிளி "வாங்கோ" என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

நன்றியைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே சித்திரப் புத்தகங்கள் வருகின்றன. நான் புரட்டியவற்றில் பலவும், கடைசிப் பக்கத்தில் ஒரு முயலோ கரடியோ நின்று பிரசங்கம் செய்கிற ஜாதி. அவற்றை விட்டுவிடலாம்.

அமெரிக்கரான ஜெர்ரி பிங்க்னி 2009-ல் வெளியிட்ட 'சிங்கமும் சுண்டெலியும்' அப்படிப்பட்டதல்ல. பழைய ஈசாப் கதைதான்; ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி வெளியில் நடக்கிறது. மறு வருஷம் அதற்குக் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. ஆந்தையின் அலறல், எலியின் கீச்சு, சிங்கத்தின் கர்ஜனை போன்ற சத்தங்களைத் தவிர, கதைக்கு எழுத்தே கிடையாது. அட்டை முகப்பில்கூடப் பெயர் இல்லை. சிங்கத்தின் முகம் மட்டும். சிங்கம் எலியை விட்டுவிடுகிறது; பிறகு எலி வலையைக் கடித்து அறுக்கிறது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து என் பேத்திதான் பேசினாள். அன்று அவள் பேசியது கிளிப் பேச்சு அல்ல.

அடுத்தபடியாக, ஷெல் சில்வர்ஸ்டீன் 1964-ல் எழுதிப் படமும் போட்ட 'கொடுக்கும் மரம்'. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள், அவ்வளவுதான். ஓர் ஆப்பிள் மரம் ஒரு பையனுக்குப் பழத்தைக் கொடுக்கிறது. வீடு கட்டக் கிளைகளை, படகு செய்ய அடிமரத்தைக் கொடுக்கிறது. கிழவனாகித் திரும்பியவன் கட்டையின்மேல் உட்காருகிறான். இதைத் தாயன்பு என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. சுயநலத்துக்குப் பாடபுத்தகம் என்று திட்டுகிறவர்களும் உண்டு. மரம் சந்தோஷப்பட்டதாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆசிரியர், அடிமரம் போன இடத்தில் மட்டும் சற்றுத் தயங்குகிறார். புத்தகத்திலேயே உயர்ந்த இடம் அதுதான். ஆனால் கடைசியில் மரத்தை மறுபடியும் சந்தோஷப்படுத்தி விடுகிறார். தன் தயக்கத்தைத் தானே நம்பாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

படித்து முடித்ததும் பேத்தி கேட்டாள்: "ஏன் தாத்தா, இவன் ஒரு தடவைகூட மரத்துக்குத் தண்ணி ஊத்தலியே?"

பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு படத்திலும் ஊற்றவில்லை. மூதுரையின் முதற் பாட்டில் வருகிற தென்னை, காலால் உண்ட நீரைத் தலையால் திருப்பித் தருகிறது. அங்கே நன்றியுள்ளது மரம். ஆனால் முதலில் தண்ணீர் ஊற்றிய கை ஒன்று இருக்கிறது. சில்வர்ஸ்டீன் கதையில் அந்தக் கை இல்லை. இத்தனை விமர்சனம் எழுதிய எனக்கு இது தோன்றவில்லை.

என் அம்மா காசுமாலையை விற்று என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டினாள். சந்தோஷமாகத்தான் கொடுத்தாள் என்று இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். முதல் நாவலை ஒரு பத்திரிகை ஆசிரியருக்குச் சமர்ப்பணம் செய்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போது போதுமான காரணமாக இருந்தது.

பேத்திக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவள் சிங்கத்தைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள்.