தலைவனைத் தடுக்கும் நட்பு: புறநானூறும் ஒரு ஜப்பானியப் படக்கதையும்

பெர்க்லியில் தமிழ் கற்பித்த ஜார்ஜ் எல். ஹார்ட், ஹாங்க் ஹைஃபெட்ஸுடன் இணைந்து புறநானூற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1999இல் வெளியிட்டார். விரிகுடாவின் எதிர்க்கரையில், சான் பிரான்சிஸ்கோவின் விஸ் மீடியா, அரக்காவா ஹிரோமுவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ படக்கதைத் தொடரை 27 தொகுதிகளாக ஆங்கிலத்தில் தந்தது. அமெரிக்கத் தமிழ் இளையோர் இவ்விரண்டையும் ஒரே மொழியில் பயில இயலும். ஆகவே இவ்வொப்பீடு பொருளுடையது.

அத்தொடரில் கர்னல் ராய் மஸ்டாங், தன் நண்பன் ஹியூஸைக் கொன்ற என்வியை வஞ்சினத்தால் எரித்தழிக்க முற்படுகிறான். நெறி பிறழ்ந்தால் தன்னைச் சுடும் பொறுப்பை அவனே ஒப்படைத்திருந்த ரிசா ஹாக்ஐ, துப்பாக்கியை அவன்மீது திருப்புகிறாள். அவன் அடங்குகிறான். தலைவனை அவன் சினத்திலிருந்தே காப்பது இங்குப் பற்றாகிறது.

புறநானூறு 46இல், கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்கு இடும்போது கோவூர் கிழார் தடுக்கிறார். 47இல், ஒற்றன் என ஐயுற்ற நெடுங்கிள்ளியிடமிருந்து புலவன் இளந்தத்தனை மீட்கிறார். இரு நிகழ்விலும் அவர் பாடியே உயிர் காத்ததாகக் கொளுக்கள் கூறும். ஹாக்ஐயிடம் படைக்கலம் உண்டு. வேந்தர் பரிசிலால் வாழும் மரபினரான புலவரிடம் சொல் மட்டுமே உண்டு.

சொல்லின் எல்லையையும் நூல் மறைக்கவில்லை. உறையூர் முற்றுகையில் சோழர் இருவரையும் நோக்கி அவர் பாடிய 45ஆம் பாட்டின் கொளு, போர் நின்றதாகக் கூறவில்லை. நெடுங்கிள்ளியும் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடையுடனேயே 47இன் கொளுவில் இடம்பெறுகிறான். சொல் காத்ததாக இக்கொளுக்கள் காட்டுவது போரில் சிக்கிய உயிர்களையே. புறப்பாடல்களை வீரப்புகழ்ச்சியாக மட்டும் கற்பிக்கும் வகுப்பறை, தடுக்கும் இந்நட்பை இழந்துவிடும்.