இரண்டு நாள் கடல்

மகள் படிக்கும் பள்ளியில் போன மாதம் அறிவியல் கண்காட்சி. தி. நகர் பக்கம் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்புக்குக் கொடுத்த தலைப்பு ‘கடல்வாழ் உயிர்ச்சூழல்’. ஆறு மேஜை. ஐந்தில் தெர்மாகோல் பவளப்பாறை, நீலப் பெயின்ட், ஃபெவிகாலில் ஒட்டிய பிளாஸ்டிக் டால்பின். ஆறாவதில் மட்டும் நிஜத் தொட்டி. இரண்டடி நீளம், கல்லுப்பு கரைத்த தண்ணீர், முந்தின நாள் சாயங்காலம் கொளத்தூரில் வாங்கிய இரண்டு நிமோ மீன்கள். நடுவில் ராமேஸ்வரம் டூர் போனபோது வாங்கியதாகச் சொன்ன ஒரு காய்ந்த பவளத் துண்டு. முதல் பரிசு அதற்குத்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. ஒரு பையன் அதை டம்ளரில் எடுத்துக்கொண்டு போனான். ஏன் செத்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வண்டியில் வரும்போது மகள்தான் கேட்டாள்: “அப்பா, உப்பு கம்மியா போட்டுட்டாங்களா?”

உப்பும் பிரச்சினைதான். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மெக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்தது. சமையல் கல்லுப்பு அந்த வேலையைச் செய்யாது. ஆனால் பெரிய எமன் வேறு. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அந்தத் தொட்டி கடல் இல்லை, விஷ ஜாடி.

கண்காட்சிக்கு இரண்டு நாள், பாக்டீரியாவுக்கு ஐந்து வாரம். என் விமர்சனம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. பசங்களைக் குறை சொல்லவே இல்லை, அந்த மேஜையில்தான் கொஞ்சமாவது தைரியம் இருந்தது. ஆனால் இயற்கைக்குக் காலம் கொடுக்காத ஏற்பாட்டில் குழந்தை கற்றுக்கொள்வது அலங்காரம் மட்டும்தான். எங்கள் தொழிலில் இதை டெமோ என்போம். கிளையன்ட் கிளம்பும் வரை விழாமல் நின்றால் போதும்.

அந்தப் பவளத் துண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்குள்ள அதே பாதுகாப்பு. ஆசிரியரிடம் மெதுவாகச் சொன்னேன். “ஆர்வத்துல எடுத்துட்டு வந்திருக்காங்க சார், விடுங்க” என்றார். விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

இத்தனைக்கும் கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்து காட்டிய ஊர் இது. மெரினாவில் 1909லேயே மீன் காட்சியகம் இருந்தது, அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடினார்கள்.

அதைவிட முக்கியமாக, மாணவர்களே கட்டிய ஒரு செயற்கை வாழிடம் பெசன்ட் நகரில் வருஷா வருஷம் எழுகிறது. தொட்டி அல்ல, மணல். 1970களில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைத் தேடினார்கள். 1988ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ‘ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்’ தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி மகளோடு நீலாங்கரையிலிருந்து அந்த நடையில் போனேன். ஆமையின் தடத்தைப் பார்த்ததும் ஒரு கல்லூரிப் பையன் மணலைக் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தான். இளகிய இடத்தில் கையாலேயே தோண்டினான். கழுத்து குறுகி அடி அகன்ற குடம் மாதிரி குழி. ஆழத்தை அளந்து, முட்டைகளை எண்ணித் துணிப்பையில் வைத்தார்கள். நூற்றுச் சொச்சம். கடற்கரையில் நாயும் மனுஷனும் எடுத்துவிடுவார்கள், தப்பிப் பொரித்த குஞ்சு தெருவிளக்கைப் பார்த்து ரோடு பக்கம் ஊரும். அதனால்தான் வனத்துறை அனுமதியோடு பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிய பிறகு முட்டை புரண்டால் செத்துவிடும்.

பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவத்தில் குழி. பொரிக்க 45 முதல் 60 நாள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். ஏறத்தாழ 29, 30 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சு அதிகம். இன்னும் ஏறினால் கருவே போய்விடும். ஆக, பந்தலில் எவ்வளவு நிழல் என்பது அழகுக்கான முடிவு இல்லை. தப்பு செய்தால் ஒன்றரை மாசம் கழித்து மணல் பதில் சொல்லும். தெர்மாகோல் எந்தக் காலத்திலும் பதில் சொல்லாது.

இங்கேயும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சாயங்காலம் குஞ்சுகளைக் கடலில் விடும்போது கூடும் கூட்டம். செல்போனை உயர்த்திக்கொண்டு “சோ க்யூட்” என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜி சாப்பிடப் போய்விடுகிறார்கள். எத்தனை குஞ்சு விட்டோம் என்ற எண்ணைச் செய்தித்தாளும் போட்டுவிடும். விட்டதில் எத்தனை வளர்ந்து திரும்பி வரும் என்பது எண்ணிக்கையில் இல்லை. பாடம் ராத்திரி நடையில் இருக்கிறது, கூட்டம் சாயங்காலக் காட்சிக்கு வருகிறது.

அன்றைக்கு வழியில் மகள் ஒரு செத்த ஆமையைப் பார்த்தாள். அதற்கு முந்தின ஜனவரியில்தான் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருந்தன. காற்றைச் சுவாசிக்கும் பிராணி, இழுவை வலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும் என்று உடன் வந்த அக்கா விளக்கினார். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக் கூடாது என்று சட்டம் இருப்பதையும் சொன்னார். “அப்ப ஏன் போடறாங்க?” என்று மகள் கேட்டாள். வீடு வரும்வரை அதே பேச்சுதான்.

கண்காட்சி முடிந்த வாரம் வீட்டில் ஒரு பழைய தொட்டியைத் தூசி தட்டினோம். மீன் வளர்ப்புக்கென்றே விற்கும் கடல் உப்பு, மணல், ஃபில்டர். மீன் இல்லை. தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும், அது அழுகி அமோனியா வரட்டும் என்று. தண்ணீர் ஆவியானால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பதை முதல் வாரம் அளந்து பார்த்து மகளே கண்டுபிடித்தாள். மனைவி தினமும் “மீன் எங்க?” என்று கேட்கிறாள். இன்று 22ஆம் நாள். நோட்டில் எழுதியிருக்கிறபடி அமோனியா இறங்க ஆரம்பித்திருக்கிறது, நைட்ரைட் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.