கணக்கேட்டில் ஏறாதவை: ராபர்ட் பிராஸ்டின் கவிதைகள்

கவிதையென்பது ஆண்டவனையும் அரசனையும் நிலவையும் நங்கையையும் பாடுவதற்கே உரியதென்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் முற்றாக அகலவில்லை. வைக்கோல் ஏற்றுவதும், சுவர் கட்டுவதும், கூலிக்கு வாதாடுவதும் பாட்டுக்குப் பொருளாகுமோ எனக் கேட்பார் உளர். ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் பிராஸ்ட் இயற்றிய நூல்களே போதிய சான்று என்பது நமது துணிபு.

பிராஸ்ட் 1874-ஆம் ஆண்டு ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிற் பிறந்தவர். எனினும் அவர் பாட்டுக்கு நிலமளித்தது நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியே. 1900-ஆம் ஆண்டில் அங்கே டெர்ரி என்னும் ஊரில் பண்ணை வாழ்வைத் தொடங்கினார். பின்னர்ப் பள்ளியாசிரியராகவும் உழைத்தார். 1912-இல் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டு அவருடைய முதல் நூல் லண்டனில் வெளிவந்தபொழுது அவருக்கு வயது 39. அதனையடுத்து 1914-இல் வெளிவந்த ‘நார்த் ஆப் பாஸ்டன்’ அவர் புகழை நிலைநாட்டிற்று. 1963-இல் மறைவதற்குள் புலிட்ஸர் பரிசை நான்கு முறை பெற்றார். நாம் இங்கு ஆராயப் புகுவது அவ்விரண்டாம் நூலையே.

இந்நூலிலுள்ளவை பெரும்பாலும் உரையாடலாக அமைந்த நெடும்பாட்டுக்கள். அடிதோறும் ஐந்து அழுத்தம் உண்டு. அடியிறுதியில் இயைபு இல்லை. இது வெறும் பேச்சன்றோ என ஐயுறலாம். பிராஸ்டின் கொள்கை வேறு. மூடிய கதவுக்கு அப்பாலிருந்து பேச்சொலி வருங்கால், சொற்கள் விளங்காவிடினும், பேசுவோர் கெஞ்சுகின்றனரா சினக்கின்றனரா என்பது நமக்குப் புலனாகிவிடும். அவ்வோசையைச் செய்யுளிற் பிடித்து வைப்பதே கவிஞன் கடன் என்றார் அவர். லயத்தில் வாழ்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பலகைத் தடுப்புக்கு அப்பால் அடுத்த வீட்டார் பேசும் தொனியைக் கொண்டே, அம்மாதச் சம்பளம் போதிற்றா இல்லையா என்று அறிந்து வளர்ந்தவரல்லரோ நாம்!

இந்நூலில் ‘கூலியாளின் மரணம்’ என்னும் பாட்டே தலையாயது. ஸைலஸ் என்னும் முதிய கூலியாள், வைக்கோற் பருவத்தில் ஆட்கள் அரிதாயிருந்த வேளையில், வாரன் என்பவரின் பண்ணையை விட்டுச் சென்றவன். பின்னொரு நாள் உடல் தளர்ந்து திரும்பி வருகிறான். இனி அவனைச் சேர்ப்பதில்லை என்கிறார் வாரன். அவர் மனைவி மேரி அவனுக்காகப் பரிந்து பேசுகிறாள். புல்வெளியில் வாய்க்கால் வெட்டித் தரவே வந்ததாக ஸைலஸ் அவளிடம் கூறியிருக்கிறான். அது மானத்தைக் காக்கச் சொன்ன சொல் என்பதை இருவரும் அறிவர். பதின்மூன்று மைல் தொலைவில் செல்வமுள்ள தமையன் இருந்தும் அவன் அங்குச் செல்லவில்லை. அவ்வாறாயின் அவனுக்கு வீடு எது? கணவன் அதனைப் பிறர் தட்டமுடியாத கடமையாகக் காண்கிறான். மனைவியோ தகுதி பாராமல் கிடைக்கவேண்டியதாகக் காண்கிறாள். வழக்குத் தீருமுன்னரே வாரன் உள்ளே சென்று பார்க்கிறார், ஸைலஸ் இறந்துவிட்டான்.

தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு இப்பாட்டு வெறும் கதையாகத் தோன்றவில்லை. செக்ரோலிலிருந்து ஒரு பெயரை நீக்க ஒரு கோடு போதும். ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வீட்டுச் சாவியை நம் மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் தாம் நட்ட முருங்கையைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றார். நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். அவர் பேச்சின் பொருள் முருங்கையன்று என்பது, பல நாள் கழித்து இப்பாட்டைப் படித்தபொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

அதே நூலில் மற்றொரு பாட்டு: ஆலையில் கால்கள் நசுங்கிய ஒருவனிடம் வக்கீல் பத்திரத்துடன் வருகிறார். ஈட்டுத்தொகை 500 டாலர். அவனோ காட்டில் நடந்து அரிய மலர்களைத் தேடிக் கண்டறிவதில் இன்பங் கண்டவன். கால்களுக்கு விலையுண்டு, அவை கொண்டு சென்ற இன்பத்துக்குப் பத்திரத்தில் இடமில்லை. இதனைக் கவிஞர் விளக்கிச் சொல்லவில்லை. ஒரு சிறுமியை மலர்களுடன் அவ்வறைக்குள் அனுப்புகிறார், அவ்வளவே.

சுவரைப் பற்றிய பாட்டுப் பலரும் அறிந்தது. இடையிலுள்ள கற்சுவரை அயலார் இருவர் வசந்தந்தோறும் செப்பனிடுகின்றனர். இச்சுவர் எதற்கு என்று ஒருவனுக்கு ஐயம் எழுகிறது. மற்றவனோ தந்தை சொன்ன பழமொழியையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். அப்பழமொழியே கவிஞரின் கருத்தென மேற்கோள் காட்டுவோர் பாட்டை முழுதும் படியாதவர். இன்னொன்றும் காணத்தக்கது. ஐயுறும் மனிதனே அயலானை வேலைக்கு அழைக்கிறான். அவனும் கல்லெடுத்து வைக்கிறான். சாதிச் சுவரை மேடையில் இகழ்ந்துவிட்டு, மகளுக்கு மணம் பேசுகையில் அதே சுவருக்குக் கல் சுமப்போர் நம்மிடையே இல்லையா? நாம் பிறரை மட்டும் குறித்து இதனைக் கேட்கவில்லை.

இக்கவிஞரிடம் குறையில்லையா எனில், உண்டு. பிறரிடம் கையேந்தாமல் புகையிலை வாங்குமளவுக்கேனும் நிலையான கூலி வேண்டுமென்பது ஸைலஸின் விருப்பம். தம்மால் இயலாதென்றார் வாரன். ஏன் இயலாது, உழைத்துத் தேய்ந்தவனுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விகளுக்குள் கவிஞர் நுழைவதில்லை. 1936-இல் வெளிவந்த ‘எ பர்தர் ரேஞ்ச்’ என்னும் நூலுக்காக இடதுசாரித் திறனாய்வாளர் சிலர் அவரைக் கடிந்ததும் இது போன்ற காரணம் பற்றியே. அக்கண்டனத்தில் நியாயமுண்டு. பரிவு மட்டும் ஒருவனுக்குக் கூரையாகிவிடாது. அதற்குச் சட்டமும் சங்கமும் வேண்டும்.

எனினும் நாம் ‘நார்த் ஆப் பாஸ்டன்’ நூலை ஒதுக்கோம். சட்டம் கேட்பவனுக்கும், தான் யாருக்காகக் கேட்கிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஸைலஸுக்கு வைக்கோலை வண்டியில் அடுக்கும் நேர்த்தி ஒன்றே பெருமை. அதனை வாரனும் மறுக்கவில்லை. கூலியாள் என்னும் சொல்லுக்குப் பின்னே தன் தொழிலிற் பெருமை கொண்ட ஒரு மனிதன் நிற்பதை அந்த ஒரு செய்தி காட்டிவிடுகிறது. பட்டை காயாமல் பால் மரம் சீவும் கைகள் நம்மிடையிலும் எத்தனையோ இருந்தன. அவற்றைப் பாடியோர் எத்துணைப் பேர்?

ஆங்கிலம் அறிந்த இளைஞர் இந்நூலைத் தாம் மட்டும் படித்து மகிழ்ந்து நின்றுவிடலாகாது. ஓய்வு நாளில் ஒரு பாட்டின் பொருளைத் தமிழில் எடுத்துரைத்து, வீட்டு முதியோரைக் கேட்கச் செய்க. பின்னர் அவர்கள் சொல்லத் தொடங்குவதைத் தாம் இருந்து கேட்க. எழுத வேண்டுவது அதுவே.