டிராக்கோவின் பெயர்

ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு 'டிராக்கோனியன்' என்ற வார்த்தை பழக்கமானதுதான். ஒரு சட்டம் பிடிக்கவில்லையென்றால் அதன் தலையில் இந்த அடைமொழியைச் சூட்டிவிடுவார்கள். கடுமையைக் குறிக்க அந்த பாஷையில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. காதை அறுக்கும் குரலுக்கும் கண்ணைக் குத்தும் வெளிச்சத்துக்கும் 'ஹார்ஷ்'. கண்டிப்பான தகப்பனாரின் முகத்துக்கு 'ஸ்டெர்ன்'. தாங்க முடியாத வலிக்கு 'ஸிவியர்'. சட்டத்துக்கும் உத்தரவுக்கும் தண்டனைக்கும் என்று ஒதுக்கிவைத்தது 'டிராக்கோனியன்'. பல்வலியை அப்படிச் சொன்னால் ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மற்றவற்றுக்கு இல்லாத ஒரு சங்கடம் இந்த வார்த்தைக்கு உண்டு. இது ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்தது. கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸ் நகரத்துக்கு முதன்முதலாகச் சட்டங்களை எழுத்தில் வகுத்துக் கொடுத்தவர் டிராக்கோ. காய்கறி திருடியவனுக்கும் அவர் மரண தண்டனை விதித்தார் என்று புளூடார்க் எழுதிவைத்தார். அந்தச் சட்டங்களை ரத்தத்தில் தோய்த்து எழுதினதாக டெமாடிஸ் என்பவர் பேசியதையும் அவரே சொல்கிறார். டெமாடிஸ் ஏறக்குறைய முந்நூறு வருஷம் பிந்தியவர். புளூடார்க் எழுநூறு வருஷம் பிந்தியவர்.

கி.மு. 594-ல் ஸோலோன் வந்து, கொலை பற்றிய சட்டத்தைத் தவிர மற்றவற்றை ரத்து செய்தார். ஆகவே அவை கடுமையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தப்பிப் பிழைத்த கொலைச் சட்டத்தை கி.மு. 409 வாக்கில் கல்லில் செதுக்கினார்கள். சிதைந்த அந்தக் கல் இன்றும் ஏதென்ஸில் இருக்கிறது. திட்டமிடாமல் கொன்றவனுக்கு அது விதிப்பது தேசப்பிரஷ்டம். செத்தவனின் தகப்பன், சகோதரன், பிள்ளைகள் எல்லோரும் ஒருமனப்பட்டு மன்னித்தால் சமாதானம் உண்டு. எல்லைக்கு வெளியே ஒதுங்கி வாழ்கிறவனை யாராவது கொன்றால் அதுவும் கொலைக் குற்றமே. பழிக்குப் பழி வாங்கும் கைகளைத் தடுக்க யோசித்த மனிதர் ஒருவர் இதில் தெரிகிறார். அடைமொழியில் அவர் இல்லை.

கதை எழுதுகிற எனக்கு இது உறுத்துகிறது. 'கொடுமைக்கார மாமியார்' என்று ஒரு வரி எழுதி எத்தனை பேரை விசாரணையின்றி நான் தண்டித்திருக்கிறேன்! அவள் யாரையாவது மன்னித்ததுண்டா என்று கேட்டதே இல்லை.

வார்த்தையை விலக்கச் சொல்லவில்லை. அநியாயச் சட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. எந்த விதி, யாரை, எப்படி வதைக்கிறது என்று முதலில் சொல்லட்டும். அதற்குப் பிறகும் அடைமொழி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்.