தோளில் அமரும் கட்டை

காங்கேயம் பக்கத்துத் தீரன் சின்னமலை கும்பினிப் படையோடு மோதிய காலத்தில், துப்பாக்கி என்றால் குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற சங்கதிதான். கும்பினிச் சிப்பாயின் ‘பிரவுன் பெஸ்’ சுமார் நாலரைக் கிலோ. தூக்கிச் சுமக்கத்தான் பாரம். சுடும்போது அந்தக் கனமே உதையைக் குறைக்கும். கரிமருந்தின் உதை வெடுக்கென்று அறையாது, ஆள் தோள்கொடுத்துத் தள்ளுவதுபோல வரும்.

இந்தக் குழல்வாய் வகையில் எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஹாக்கன் ரைஃபிள். அதன் கட்டை அடியில் பிறையாக வளைந்த இரும்புத் தகடு. பழக்கதோஷத்தில் தோள்குழியில் வைத்தால் இரண்டு கூரும் சதையில் குத்தும், திட்டுவதெல்லாம் துப்பாக்கியைத்தான்! பனியனில் கை ஏற்றும் தையல் விழுகிறதே, அதற்குச் சற்று வெளியே, புஜத்தின் மேல்பக்கம் பிறையைப் பொருத்த வேண்டும். பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை உயர்த்தினால் தானாக அமர்ந்துவிடும். கழுத்தை நீட்டிக் கட்டையைத் தேடக் கூடாது. கட்டைதான் கன்னத்துக்கு வரவேண்டும்.

சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பூட்டு இன்னும் பொல்லாதது. விசையை அழுத்தியதும் கிண்ணத்து மருந்து கண்ணெதிரே பற்றி, தீ துளைவழியே குழலுக்குள் போக ஒரு கணம் பிடிக்கும். குண்டு வெளியேறும்வரை கன்னம் கட்டையிலேயே இருக்க வேண்டும்.