பெருமந்தக் காலமும் அண்ணாமலைநகர்க் கட்டடங்களும்

பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு வேலையற்றோர்க்குக் கூலி தரவே ஊர்ப்புறங்களில் பள்ளிகளைக் கட்டியது. அச்சட்டகத்தைத் தென்னார்க்காட்டுக்கு அப்படியே பொருத்துதல் பிழை. 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணைகூட மந்தத்திற்கு முன்னரே, 1925இல், தொடங்கப்பட்டது, துயர்தணிப்புப் பணியன்று.

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அம்மாவட்டத்தில் நிலக்கடலை விலை சரிந்த ஆண்டுகளில்தான், 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தின் கிழக்கே வளர்ந்தது. அரசு மானியம் பெற்றதாயினும் அதன் அடித்தளம் அண்ணாமலைச் செட்டியாரின் கொடை. அக்கட்டடங்களைக் கொடைச்சிறப்பாக மட்டுமே காணும் வழக்கமான வாசிப்பு (பெரும்பாலும் பாராட்டுரையே) அரைகுறையானது. கொடைக்குப் பின்னே வட்டித்தொழில் இருந்தது. நெல்விலை வீழ்ந்ததும் கடனை அடைக்கவியலாத பர்மிய உழவரின் நிலங்கள் நகரத்தார் கைக்கு மாறியதும் அதே ஆண்டுகளில்தான்.