கோல் வாங்காத ஊர்

கால்பந்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு கோல் போட்டவரைச் சுற்றியே ஓடும். துருக்கியின் டிராப்சான்ஸ்போர் கிளப்பை ரசிக்க வேண்டுமென்றால் பார்வையைக் களத்தின் மறுமுனைக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் உலகக் கால்பந்துக்குத் தந்த தனி அழகு, பந்தைத் தங்கள் வலைக்குள் விடாமல் வைத்திருந்ததுதான். ஒரு மாகாண நகரம், அதன் தெருக்களில் வளர்ந்த பையன்களையும் அங்கேயே பிறந்த பயிற்சியாளர்களையும் வைத்து ஒன்பது பருவங்கள் ஒரு நாட்டின் கால்பந்தை ஆண்டது. கால்பந்து வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த கதை இல்லை.

டிராப்சான் கருங்கடலின் தென்கரையில் இருக்கிறது. கடலை ஒட்டிக் கொஞ்சம் சமதரை, அதற்குப் பின்னால் உடனே மலை. பாரசீகத்திலிருந்து தப்ரீஸ் வழியாக வந்த வணிகக் கூட்டங்கள் கடலைத் தொட்ட துறைமுகம் இது. 1204 முதல் 1461 வரை தனிப் பேரரசின் தலைநகர். பிறகு ஒட்டோமான்கள் பிடித்தார்கள். சுல்தான் சுலைமான் பிறந்ததும் இங்கேதான். இன்றைக்கு மலைச்சரிவில் ஹேசல்நட் தோட்டங்கள், கிழக்கே போகப்போகத் தேயிலை, குளிர்காலத்தில் வலை நிறைய ஹம்சி என்கிற நெத்திலி. மழை ஓயாத ஊர். இஸ்தான்புல் சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். பிழைப்புக்காக இஸ்தான்புல்லுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்கள் ஏராளம். போன இடத்திலெல்லாம் கிளப்பின் கொடியையும் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு எங்கே இருந்தாலும் அது டிராப்சான்தான் என்பது அந்த ரசிகர்களின் பிரபலமான முழக்கம்.

கிளப் பிறந்த கதை சண்டையில் தொடங்குகிறது. டிராப்சானில் இத்மானோஜா, இத்மான்குஜு என்று இரண்டு பழைய அணிகள். முதலாவதற்கு மஞ்சள் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை வெள்ளை. ஊரே இரண்டாகப் பிரிந்து நின்ற பகை அது. 1960-களில் துருக்கியின் மாகாண நகரங்கள் தங்கள் சிறு அணிகளைச் சேர்த்து ஊருக்கு ஒரு கிளப் என்று தேசிய லீகில் இறக்கிக்கொண்டிருந்தன. டிராப்சானில் மட்டும் இழுபறி நீடித்தது. யார் பெயர் நிற்பது, யார் நிறத்தை உடுத்துவது என்பதில் யாரும் இறங்கிவரவில்லை. கடைசியில் 1967 ஆகஸ்ட் 2 அன்று, கராதெனிஸ்குஜு, மார்த்திஸ்போர் என்ற இன்னும் இரண்டு அணிகளையும் சேர்த்துக்கொண்டு டிராப்சான்ஸ்போர் உருவானது. நிறம் கருஞ்சிவப்பும் நீலமும். இரு பகையாளிகளில் ஒருவர் நிறமும் அதில் இல்லை. அதனால்தான் அது எல்லோருடைய நிறமாகவும் ஆக முடிந்தது என்று நினைக்கிறேன். அத்தனை வருடப் பகைச் சூடும் அப்படியே ஒரே பாத்திரத்தில் ஊற்றப்பட்டுவிட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

துருக்கியின் தேசிய லீக் 1959-இல் தொடங்கியது. முதல் பதினேழு பட்டங்களையும் இஸ்தான்புல்லின் மூன்று கிளப்புகளே பங்கிட்டுக்கொண்டன: ஃபெனர்பாச்சே, கலாத்தசராய், பெஷிக்தாஷ். இடையில் எஸ்கிஷெஹிர் நகரத்து அணி மூன்று முறை இரண்டாமிடம் வரை வந்து, ஒரு படி ஏற முடியாமல் நின்றது. பணம், பத்திரிகை, அரசியல் செல்வாக்கு எல்லாம் குவிந்திருந்த நகரத்திலேயே கோப்பையும் இருந்தது. ஏழு பருவங்கள் இரண்டாம் பிரிவில் ஆடிவிட்டு 1974-இல் மேலே வந்த டிராப்சான்ஸ்போர், இரண்டாவது பருவத்திலேயே, 1976-இல், அந்தக் கோப்பையைக் கருங்கடல் கரைக்குக் கொண்டுபோனது. இஸ்தான்புல்லுக்கு வெளியே லீக் கோப்பை போனது அதுவே முதல் முறை.

பிறகு நடந்தது இன்னும் பெரிது. 1976, 1977, 1979, 1980, 1981, 1984 என்று ஆறு பட்டங்கள். பட்டம் கிடைக்காத மூன்று பருவங்களிலும் இரண்டாமிடம். ஒன்பது பருவங்களில் ஒருமுறைகூட இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வருடம் எல்லாம் கூடிவந்து ஒரு சின்ன ஊர் ஜெயிப்பது எந்த நாட்டிலும் நடக்கும். ஒன்பது பருவங்கள் நிற்பதற்குக் கைவந்த கலை வேண்டும்.

அந்தக் கலையின் மையத்தில் நின்றவர் ஷெனோல் குனேஷ். 1952-இல் டிராப்சானில் பிறந்தவர், ஆசிரியராகப் படித்தவர், 1972 முதல் 1987 வரை அதே வலையின் முன் நின்றவர். ஆறு பட்டங்களிலும் கோல்கீப்பர் அவரே. 1978-79 பருவத்தில் ஆயிரம் நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து ஒரு கோலும் வாங்கவில்லை. அதாவது பதினோரு ஆட்டங்களுக்கும் மேலாக அந்த வலை அசையவில்லை. கோல்கீப்பரின் பாய்ச்சலைப் படம் எடுத்துப் போடுவார்கள். பாய வேண்டிய தேவையே வராமல் நிற்பதை எந்தப் படத்திலும் பிடிக்க முடியாது. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து இரண்டடி நகர்ந்து நின்றுவிட்டால் பாய வேண்டியதில்லை. முன்னால் நிற்கும் நான்கு பேரையும் சரியான இடத்தில் நிறுத்திவைத்துவிட்டால் பந்தே வராது. ஆயிரம் நிமிடம் என்கிற எண்ணிக்கைக்குள் இருப்பது இந்த அமைதியான வேலை.

அவருக்கு முன்னால் துர்காய், நெஜாத்தி, கதிர், ஜெமில் போன்றவர்கள். பெரும்பாலும் ஊர்ப் பையன்கள், ஒருவரையொருவர் நெடுங்காலம் அறிந்தவர்கள். கருங்கடல் கரையில் ஹோரோன் என்றொரு ஆட்டம் உண்டு. கெமென்சே என்ற மூன்று தந்தி வாத்தியம் வேகமாக இழைய, ஆடுகிறவர்கள் கைகோத்து வரிசையாக நிற்பார்கள். ஒருவர் தோள் குலுங்கினால் வரிசை முழுக்கக் குலுங்கும், ஒருவர் கால் பின்னால் போனால் எல்லோர் காலும் போகும். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்ல பின்களம் என்பதும் அதுதான். ஒருவர் முன்னேறும்போது மற்ற மூவரும் அதே நொடியில் இடம் மாறவேண்டும். கூப்பிட்டுச் சொல்ல நேரமிருக்காது. பல ஊர்களிலிருந்து விலைக்கு வாங்கிவந்து சேர்த்த அணிக்கு இந்த ஒத்திசைவு வரப் பல வருடங்கள் ஆகும். டிராப்சான் பையன்களுக்கு அது சின்ன வயதிலேயே வந்திருந்தது.

பயிற்சியாளர்களும் உள்ளூர்க்காரர்களே. அஹ்மத் சுவாத் ஓஸ்யாஸிஜி நான்கு பட்டங்களையும், ஓஸ்கான் சூமர் இரண்டு பட்டங்களையும் வாங்கித் தந்தார்கள். துருக்கியின் பெரிய கிளப்புகள் வெளிநாட்டிலிருந்து பயிற்சியாளர்களை அழைத்துவந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே பக்கத்துத் தெருக்காரர் வந்து, யார் மகன் எந்தக் காலால் ஆடுவான் என்று அறிந்த கண்ணோடு அணியைக் கட்டினார். சூமர் பின்னாளில், 2001-இல், கிளப்பின் தலைவராகவும் வந்தார்.

1976 அக்டோபரில் ஐரோப்பியக் கோப்பைக்காக லிவர்பூல் இந்த ஊருக்கு வந்தது. கெவின் கீகன் ஆடிய அணி, அந்தப் பருவத்தின் முடிவில் ரோம் நகரில் அதே கோப்பையை வெல்லப்போகும் அணி. டிராப்சான்ஸ்போர் 1-0 என்று ஜெயித்தது. பெனால்டியை அடித்தவர் ஜெமில் உஸ்தா, பின்கள வீரர். எதிரே வருகிறவரைத் தள்ளிக்கொண்டு போகும் உடம்பும் வேகமும் பார்த்து ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘டோசர்’. இரண்டு வாரம் கழித்து தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூல் முதல் இருபது நிமிடத்திலேயே மூன்று கோல் போட்டு கணக்கை முடித்துவிட்டது. ஆனாலும் டிராப்சானில் அந்த ஒரு கோலை யாரும் மறக்கவில்லை. ஜெமில் 2003-இல் இறந்தார். 2019-20 லீக் பருவம் முழுவதற்கும் துருக்கி அவர் பெயரைச் சூட்டியது. தாக்குகிறவர்களையே கொண்டாடும் ஆட்டத்தில் ஒரு பின்கள வீரருக்குக் கிடைத்த மரியாதை அது.

பெரிய அணிகளைச் சொந்த மண்ணில் 1-0 என்று மடக்குவது பிறகு வழக்கமாகவே ஆனது. 1983-இல் இன்டர் மிலான், 1990-இல் பார்சிலோனா, 1994-இல் ஆஸ்டன் வில்லா. மூன்றும் ஒரே கணக்கு. அந்த 1-0 இந்த ஊரின் கையெழுத்து. அதில் வில்லாவைத்தான் வெளியேற்ற முடிந்தது. பார்சிலோனாவில் போய் ஏழு வாங்கினார்கள். மழையும் சேறும், வரம்போடு ஒட்டி நிற்கும் கேலரியும் உள்ள பழைய ஹுசேயின் அவ்னி அகெர் மைதானத்தில் கிடைத்த பலம் வெளியூரில் கிடைக்கவில்லை என்பது உண்மை.

1984-க்குப் பிறகு பட்டம் நின்றுபோனது. தொண்ணூறுகளின் அணியை நான் இன்னொரு காரணத்துக்காக விரும்புகிறேன். ஹாமி மண்டிராலி என்ற ஃப்ரீகிக் வீரர் அப்போது இருந்தார். அவர் அடித்தால் பந்து வளைந்து போகாது, சுவரைக் கிழித்துக்கொண்டு போகும். பனிப்போர் தணிந்து கிழக்கு எல்லை திறந்தபின், பக்கத்து ஜார்ஜியாவிலிருந்து ஷோத்தா அர்வெலாட்சே வந்தார். 1995-96 பருவத்தில் 25 கோல் போட்டு லீகின் முதல் இடத்தைப் பிடித்தார். எத்தனையோ காலம் மூடிக்கிடந்த எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இளைஞனை ஊர் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

அந்தப் பருவம்தான் ஆறாத காயமும். பயிற்சியாளர் நாற்காலியில் குனேஷ். 1996 மே மாதம், முதலிடத்தில் இருந்த டிராப்சான்ஸ்போர் சொந்த மைதானத்தில் ஃபெனர்பாச்சேயைச் சந்தித்தது. முதல் கோலும் போட்டது. பிறகு இரண்டு வாங்கித் தோற்று, பட்டத்தையும் இழந்தது. கோல் வாங்காமல் இருப்பதைக் கலையாக்கிய மனிதர், வரம்புக்கு வெளியே நின்று அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். 2002 உலகக் கோப்பையில் அவரே துருக்கியை மூன்றாமிடத்துக்குக் கொண்டுபோனார். 2011-இல் மறுபடியும் டிராப்சானில். மறுபடியும் ஃபெனர்பாச்சே. இரு அணிகளுக்கும் 82 புள்ளிகள், ஆனால் கோப்பை இஸ்தான்புல்லுக்கு. சில வாரங்களில் ஆட்ட முறைகேடு விசாரணை வெடித்தது. துருக்கி சம்மேளனம் ஃபெனர்பாச்சேயை சாம்பியன்ஸ் லீகிலிருந்து விலக்கிக்கொள்ள, அந்த இடம் டிராப்சான்ஸ்போருக்குப் போனது. பட்டம் மட்டும் கைமாறவில்லை. மறுவிசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். டிராப்சான்காரர்கள் அந்தப் பட்டத்தை இன்னும் தங்களுடையதாகவே எண்ணுகிறார்கள். குனேஷ் கடைசியில் பயிற்சியாளராக லீக் பட்டம் வென்றது பெஷிக்தாஷில், 2016-இலும் 2017-இலும். பிறந்த ஊருக்கு வாங்கித்தர முடியாததை இஸ்தான்புல்லுக்கு வாங்கித்தந்தார். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

துருக்கியில் வண்டி எண் பலகையில் மாகாணத்துக்கு ஓர் எண் உண்டு. டிராப்சானுக்கு 61. ஆட்டத்தின் 61-ஆவது நிமிடம் வந்தால் கேலரி எழுந்து நின்று கொண்டாடும், ஸ்கோர் என்னவாக இருந்தாலும். வீரர்களில் அந்த எண்ணைச் சட்டையில் அணிந்தவர் கோக்தெனிஸ் கராதெனிஸ். ரஷ்யாவின் ரூபின் கசான் கிளப்புக்குப் போனபோதும் 61-ஐ விடவில்லை. 2009-இல் பார்சிலோனாவின் சொந்த மைதானத்தில் ரூபின் 2-1 என்று ஜெயித்தது. வெற்றி கோல் போட்டவர் முதுகில் டிராப்சானின் எண் இருந்தது.

இத்தனை அன்புக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துப் பாராட்ட எனக்கு மனமில்லை. 2024 மார்ச்சில் ஃபெனர்பாச்சேயிடம் சொந்த மைதானத்தில் தோற்றபின் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி எதிரணி வீரர்களைத் தாக்கினார்கள். இஸ்தான்புல் தங்களை வஞ்சித்துவிட்டது என்ற நினைப்பு தலைமுறைகளாக ஊறினால் இப்படியும் திரியும். கைகோத்து நின்று வலையைக் காத்தவர்களின் ஊருக்கு அது இழுக்கு.

2022 ஏப்ரல் 30 அன்று, அந்தால்யா அணியோடு 2-2 என்று சமன் செய்த மாலையில், முப்பத்தெட்டு வருடக் காத்திருப்பு முடிந்தது. அப்துல்லா அவ்ஜி பயிற்சியாளர். ஸ்லோவாக்கியாவின் ஹம்ஷிக், கிரேக்கத்தின் பகாசெத்தாஸ், நைஜீரியாவின் ந்வாகேமே என்று பல நாட்டவர் ஆடிய அணி. பழைய மைதானம் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. கடலைத் தூர்த்து எழுப்பிய அக்யாஸி மைதானத்தில், ஷெனோல் குனேஷ் பெயர் தாங்கிய விளையாட்டு வளாகத்தில்தான் கொண்டாட்டம். நல்ல அணி, தகுதியான பட்டம். ஆனால் 1976-இன் ருசி வேறு. அன்றைக்கு ஊரே ஆடியது, இன்றைக்கு ஊருக்காக ஆடினார்கள். இன்றைய கால்பந்தின் பணக்கணக்கில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

2025 ஏப்ரல் அந்த நம்பிக்கையை அசைத்தது. ஐரோப்பாவின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் லீகில் டிராப்சான்ஸ்போரின் பையன்கள் காலிறுதிக்கு வந்திருந்தார்கள். எதிரே இன்டர் மிலானின் பையன்கள். சில நூறு பேர் வந்தாலே பெரிதாகக் கருதப்படும் அந்தப் போட்டிக்கு டிராப்சானில் நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். பெயர்கூட இன்னும் பத்திரிகையில் பழகாத பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க ஒரு நகரம் மைதானத்தை நிரப்பியது. ஸ்கோர் 1-0. அரையிறுதியையும் தாண்டி, இறுதியில் பார்சிலோனாவிடம்தான் தோற்றார்கள். அதற்குச் சற்று முன்பு மூத்த அணியின் பொறுப்பையும் ஓர் ஊர்க்காரரிடம் ஒப்படைத்திருந்தார்கள்: 2004-05 பருவத்தில் இதே சட்டையில் 31 கோல் போட்ட ஃபாத்தி தெக்கே. அந்த நாற்பதாயிரம் பேர் பார்த்த பையன்களில் எத்தனை பேருக்கு அவர் மூத்த அணியில் இடம் கொடுப்பார் என்பதைத்தான் நான் இப்போது ஆர்வத்தோடு கவனித்துக்கொண்டிருக்கிறேன்.